விரல் நுனி அடிபட்டால் உணர்ச்சி திரும்புமா? டெல்டா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் விரல் நுனி போவதற்கு வழிகள் ஏராளம். ரைஸ்மில் பெல்ட், கதிரடிக்கிற மிஷின், பம்புசெட் மோட்டார், கரும்புச்சாறு மிஷின், மாட்டுத் தீவனம் வெட்டுகிற மிஷின், பைக் செயின், வீட்டுக் கதவு. நான் கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் செய்வது டாக்டர்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அந்த விரலோடு மல்லுக்கட்டுவது நோயாளியும் நாங்களும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். காயம் எப்ப ஆறும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆறினபிறகு அந்த நுனியில் தொட்டால் தெரியுமா என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அதையும் கேளுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடிபட்ட உடனே என்ன செய்யணும்?

சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். பெரும்பாலும் இதற்கே ரத்தம் நின்றுவிடும். மோதிரம் போட்டிருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள், வீங்கினபிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கயிறோ ரப்பர் பேண்டோ போட்டு விரலை இறுக்கிக் கட்டாதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அதையெல்லாம் சுரண்டிக் கழுவும்போது பிழைத்திருக்க வேண்டிய சதையும் சேர்ந்து போகும்.

வயல் சேற்றில் அடிபட்டதா, மிஷின் கிரீஸ் உள்ளே போயிருக்கிறதா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கழுவுகிற விதமும் மருந்தும் அதைப் பொறுத்து மாறும். டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள்.

துண்டான நுனி கிடைச்சிருக்கு, ஐஸில் போட்டு எடுத்துட்டு வரலாமா?

நேராக ஐஸில் போடாதீர்கள், சதை உறைந்து வீணாகிவிடும். தண்ணீரில் மிதக்கவிடவும் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வைத்து எடுத்து வாருங்கள். விரலில் தசை கிடையாது என்பதால் இப்படிக் குளிர்ச்சியாக வைத்தால் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். ஆனாலும் எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது.

திரும்ப ஒட்டவைக்க முடியுமா என்பது வேறு கதை. நகத்துக்குப் பக்கத்தில் ரத்தக்குழாயின் தடிமன் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிற இடத்தில்தான் அது நடக்கும். கத்தியில் சுத்தமாக வெட்டுப்பட்டதற்கு வாய்ப்பு அதிகம், பெல்ட்டில் நசுங்கிப் போனதற்குக் குறைவு. ஒட்டவைக்க முடியாது என்றாலும் அந்தத் துண்டிலிருக்கிற தோலோ நகக்கண்ணோ உதவலாம். அதனால் தூக்கிப் போடாதீர்கள்.

உணர்ச்சி இல்லாட்டி என்ன, விரல் பார்க்க முழுசா இருந்தா போதாதா?

போதாது. இதை நான் தினமும் பார்க்கிறேன்.

விரல் நுனியின் உள்பக்கச் சதையில் தொடு உணர்ச்சி நரம்புகள் உடம்பின் மற்ற இடங்களைவிட நெருக்கமாக இருக்கின்றன. ஒரு நாணயத்தை எடுக்கும்போது எவ்வளவு அழுத்திப் பிடிக்கணும், நழுவுகிறதா, சூடா இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, அந்தச் சதைதான் சொல்கிறது. அது சொல்லவில்லை என்றால் மூளை அந்த விரலை ஒதுக்கிவிடும். ஆட்காட்டி விரல் மரத்துப்போனவர்களைக் கவனித்துப் பாருங்கள், சட்டைப் பொத்தானைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்துத்தான் போடுவார்கள், ஆட்காட்டி விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். கேட்டால் அப்படிச் செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நம் ஊர் வேலைகளை நினைத்துப் பாருங்கள். நாற்று நடுகிறவர் நாலு நாற்றைப் பிரித்து எடுத்துச் சேற்றுக்குள் ஊன்றுகிற ஆழத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. திருபுவனத்தில் பட்டுத்தறியில் அறுந்த இழையை முடிகிறவருக்கு விரல் நுனிதான் பாதிக் கண். பூக்கட்டுகிற அம்மா பேருந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஒரு முழம் கட்டிவிடுவார். அதே அம்மாவுக்கு நுனி மரத்துப்போனால் ஒவ்வொரு முடிச்சையும் குனிந்து பார்த்துப் போட வேண்டும், பொழுதுக்கும் கட்டினாலும் பழைய கணக்கில் பாதி தேறாது.

இன்னொன்று, உணர்ச்சியில்லாத நுனி சுட்டாலும் கிழித்தாலும் தெரியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்கிற டாக்டர் தொழுநோயாளிகளின் கைகளில் வருஷக்கணக்கில் வேலை செய்து காட்டியது இதைத்தான்: நோய் நேராக விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயம்பட்டுத்தான் விரல் தேய்கிறது. அடிபட்டு மரத்துப்போன விரலுக்கும் இந்த ஆபத்து உண்டு.

எல்லாக் காயத்துக்கும் ஆபரேஷன் வேணுமா?

வேண்டாம். எலும்பு தெரியாமல், ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் சதை மட்டும் போயிருந்தால், ஈரம் காயாத கட்டுப் போட்டே ஆறவிடலாம். நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பக்கத்துத் தோல் தானே சுருங்கி இழுத்து மூடிக்கொள்ளும், அது அந்த விரலின் சொந்தத் தோல் என்பதால் உணர்ச்சியும் நன்றாகவே வரும். நடுவில் கட்டைப் பிரித்தால் நாற்றமும் அழுக்கு நிறத்தில் கசிவும் இருக்கும், பயந்துபோய் நிறையப் பேர் வேறு இடத்துக்கு ஓடுகிறார்கள். காய்ச்சல், வீக்கம் ஏறுவது, விண்விண்ணென்று தெறிக்கிற வலி இதெல்லாம் இல்லாவிட்டால் பெரும்பாலும் பயமில்லை, போட்ட இடத்திலேயே காட்டுங்கள்.

எலும்பு வெளியே தெரிந்தால், உள்பக்கச் சதை மொத்தமாகப் போயிருந்தால், அப்போதுதான் ஃப்ளாப் பற்றி, அதாவது பக்கத்துத் தோலையும் சதையையும் ரத்தக்குழாயோடு நகர்த்தி மூடுவது பற்றி, பேச வேண்டிவரும்.

எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கித் தைச்சுடலாம்னு டாக்டர் சொல்றார். ஒத்துக்கலாமா?

சில பேருக்கு அதுதான் சரியான முடிவு. ஒரே நாளில் முடிந்துவிடும், சீக்கிரம் வேலைக்குப் போகலாம், சுண்டுவிரலில் அரை சென்டிமீட்டர் குறைவதால் பெரிய நஷ்டமில்லை. வயதானவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், அடுத்தடுத்து ஆபரேஷனுக்கு வர முடியாதவர் என்றால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஆனால் கட்டைவிரலாக இருந்தால், ஆட்காட்டி விரலாக இருந்தால், நுண்ணிய கைவேலை பார்க்கிறவராக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "நீளத்தைக் காப்பாத்த வழி இருக்கா? எந்த வழியில் செஞ்சா நுனியில் உணர்ச்சி நல்லா இருக்கும்?" உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். ராத்திரி அவசரத்தில் கேஸ் பார்க்கிற டாக்டருக்கு நீங்கள் தறி நெய்கிறவர் என்று தெரியாது. காயத்தை நன்றாகக் கழுவிக் கட்டுப்போட்டு வைத்துவிட்டால் ஃப்ளாப்பை அன்றே செய்தாக வேண்டும் என்பதுமில்லை, சில நாள் தள்ளியும் செய்யலாம். அதனால் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

ஃப்ளாப்புன்னா என்ன? தொடையில தோல் எடுத்து வைக்கிறதா?

இல்லை, அது கிராஃப்ட். தோலை முழுதாகப் பிய்த்தெடுத்து வேறு இடத்தில் வைப்பது. நாற்றங்காலில் பறித்த நாற்றை வேறு வயலில் நடுவது மாதிரி, அது புது இடத்தில் தானாக வேர்பிடிக்க வேண்டும். எலும்பு மேல் வைத்தால் பிடிக்காது. ஃப்ளாப் பதியன் போடுவது மாதிரி, தாய்ச்செடியோடு தொடர்பை அறுக்காமல், ரத்தக்குழாயோடு சேர்த்தே தோலையும் சதையையும் நகர்த்திக் காயத்தின் மேல் கொண்டுவந்து தைப்பது. அதோடு நரம்பும் சேர்ந்து வந்தால் அது உணர்ச்சியுள்ள ஃப்ளாப்.

ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒரு நரம்பும் ஒரு ரத்தக்குழாயும் ஜோடியாக ஓடுகின்றன. டாக்டர் இந்த ஜோடியைக் காப்பாற்றி நகர்த்துகிறாரா, விட்டுவிட்டுத் தோலை மட்டும் நகர்த்துகிறாரா என்பதில்தான் பிற்பாடு கிடைக்கிற உணர்ச்சி பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

எத்தனை வகை இருக்கு? எனக்கு எது?

காயத்தின் சாய்வைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நேராக வெட்டுப்பட்டோ நகப்பக்கம் அதிகம் போயோ உள்பக்கச் சதை மிச்சம் இருந்தால், அந்தச் சதையையே முக்கோணமாக வெட்டி முன்னால் தள்ளுவார்கள், பின்னால் விழுகிற இடைவெளியைத் தைத்துவிடுவார்கள். தழும்பு ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இருக்கும், அதனால் வி-ஒய் என்று பெயர். அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர் நகரும். நரம்பு கூடவே வருவதால் உணர்ச்சி மிக நன்றாக இருக்கும்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து வெட்டுப்பட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சையை வளர்த்தெடுத்த டாக்டர் ஆர். வெங்கடசாமியும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980இல் எழுதிய சாய்வு முக்கோண ஃப்ளாப். சதை அதிகம் மிச்சமிருக்கிற ஓரத்தில், அந்த ஓரத்து நரம்பு-ரத்தக்குழாய் ஜோடியின் மேலேயே, நுனி விரலடியைப் பார்த்திருக்கிற மாதிரி நீளமான முக்கோணம் வரைந்து, ஜோடியை அறுக்காமல் விடுவித்து, மொத்தமாக முன்னால் நகர்த்துவது. விரலின் சொந்தத் தோல், சொந்த நரம்பு, ஒரே ஆபரேஷன். உலகத்தில் பல நாட்டுக் கை டாக்டர்கள் இன்றைக்கும் இதை வெங்கடசாமியின் பெயர் சொல்லிச் செய்கிறார்கள். இது எனக்குச் சொல்லச் சொல்லப் பெருமையாக இருக்கிற விஷயம்.

இன்னும் கொஞ்சம் தூரம் வேண்டுமென்றால் தோலைத் தீவு மாதிரி சுற்றிலும் வெட்டி, ஜோடியில் மட்டும் தொங்கவிட்டு நகர்த்துவார்கள். உள்பக்கச் சதை மொத்தமும் போய், நகர்த்த அந்த விரலிலேயே எதுவும் இல்லை என்றால்தான் அடுத்த விரலிடமோ, உள்ளங்கையிடமோ, மிக அபூர்வமாகக் கால் கட்டைவிரலின் சதையிடமோ கடன் வாங்குவது. கால்விரல் சதையை ரத்தக்குழாயும் நரம்பும் மைக்ராஸ்கோப்பில் தைத்து இணைக்க வேண்டும், அதற்குப் பெரிய மையங்களுக்குத்தான் போகணும்.

பக்கத்து விரலோட சேர்த்துத் தைச்சுடுவாங்களாமே? கேட்கவே பயமா இருக்கு.

ஆமாம், அடுத்த விரலின் மேல்பக்கத் தோலைப் புத்தகப் பக்கம் திருப்புவதுபோல் ஒரு ஓரத்தில் விட்டுத் திருப்பி, அடிபட்ட விரலின் மேல் தைப்பார்கள். இரண்டு மூன்று வாரம் இரண்டு விரலும் ஒட்டியே இருக்கும். பிறகு இன்னொரு சின்ன ஆபரேஷனில் பிரிப்பார்கள். நம்பகமான முறை, தடிமனான நல்ல தோல் கிடைக்கும்.

குறை என்னவென்றால் நரம்பு கூட வருவதில்லை, அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மெதுவாக வளர்ந்து வர வேண்டும். பாதுகாப்புக்குப் போதுமான உணர்ச்சி பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது, நுண்ணிய உணர்ச்சி அவ்வளவு வராது. அந்தத் தோலில் இருக்கிற மேல்பக்க நரம்புக் கிளையை அடிபட்ட விரலின் அறுந்த நரம்போடு தைத்து இணைக்கவும் முடியும். உங்கள் டாக்டர் அதைச் செய்வாரா என்று கேட்பதில் தப்பே இல்லை. நடுத்தர வயது தாண்டியவர்களுக்கு மூட்டு இறுகிப்போகிற தொல்லையும் உண்டு, ஒட்டியிருக்கும்போதே மற்ற விரல்களையும் மணிக்கட்டையும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டைவிரல் நுனி போயிடுச்சு. இதுக்குத் தனி முறையா?

தனிதான், கையின் பிடியில் பாதி அதன் தலையில் இருக்கிறதே. உள்பக்கத் தோல் முழுவதையும் இரண்டு ஓரத்து நரம்போடும் தூக்கி முன்னால் இழுக்கிற மோபெர்க் ஃப்ளாப் கட்டைவிரலுக்கே உரியது. ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நகரும், உணர்ச்சி பழையபடிக்கு நெருக்கமாகவே இருக்கும். நுனி மூட்டு மடங்கினபடி நின்றுவிடலாம் என்பதால் பயிற்சியில் மூட்டை நிமிர்த்துவதற்கு முதலிடம் கொடுப்போம். அதைவிடப் பெரிய காயமென்றால் ஆட்காட்டி விரலின் பின்பக்கத் தோலை அதன் ரத்தக்குழாய், நரம்போடு சுற்றிக் கொண்டுவருவார்கள். இதைக் காத்தாடி ஃப்ளாப் என்றும் சொல்வதுண்டு.

கட்டைவிரலைத் தொட்டா மோதிரவிரலைத் தொட்ட மாதிரி இருக்கு மேடம், எனக்கு மூளையில ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. உங்களுக்கு மோதிரவிரலின் ஓரத்திலிருந்து நரம்போடு தோலைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், லிட்லர் ஃப்ளாப் என்பார்கள். நரம்பின் மறுமுனை இன்னும் பழைய வழியில்தான் மூளைக்குப் போகிறது, மூளைக்குத் தோல் இடம் மாறினது தெரியாது. சிலருக்குப் பயிற்சியில் மாறும், சிலருக்குக் கடைசிவரை இரண்டும் கலந்தே தெரியும், ஆனாலும் பிடித்து வேலை செய்யத் தடையாக இருப்பதில்லை. சில டாக்டர்கள் அந்த நரம்பை அறுத்துக் கட்டைவிரலின் சொந்த நரம்போடு இணைத்துவிடுவார்கள். அப்போது இந்தக் குழப்பம் வராது, உணர்ச்சி வரத்தான் மாதங்கள் ஆகும்.

முழு மயக்கம் கொடுப்பாங்களா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. விரலையோ கையையோ மட்டும் மரக்க வைக்கிற ஊசி போதும், டாக்டரோடு பேசிக்கொண்டே இருக்கலாம். குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவைப்படும்.

பீடி, சிகரெட்?

அடிபட்ட நிமிஷத்திலிருந்து நிறுத்துங்கள். நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, ஃப்ளாப்புக்கு உயிரே அந்தக் குழாய்தான். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் இதில் சேர்த்திதான். "நான் ஊதுறதில்லையே" என்று சொல்லி வாய்க்குள் புகையிலை அடக்கிக்கொண்டு வருகிறவர்கள் நம் பக்கம் அதிகம், அதனால் தனியாகச் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போனபிறகு ஃப்ளாப் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், வெளுத்துச் சில்லென்று ஆனாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். சில நேரம் இறுக்கமான கட்டைத் தளர்த்தி, ஒரு தையலை எடுத்துவிட்டாலே பிழைத்துக்கொள்ளும்.

எவ்வளவு நாளில் உணர்ச்சி வரும்?

நரம்பை அறுக்காமல் நகர்த்தின ஃப்ளாப்பில் முதல் நாளிலிருந்தே இருக்கும், வீக்கம் வடிகிறவரை மந்தமாக, பஞ்சு சுற்றினதுபோல் தெரியும். நரம்பைத் தைத்து இணைத்திருந்தால் அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், முதல் சில வாரம் அதுகூட நடக்காது. தைத்த இடத்திலிருந்து நுனிவரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நரம்பே இல்லாமல் வைத்த தோலுக்கு ஆறு மாதம், ஒரு வருஷம், அதற்கு மேலும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

வருகிற வரிசையும் ஒன்று உண்டு. பெரும்பாலும் வலியும் சூடு-குளிரும் முன்னால் வரும், அப்புறம் அசைகிற தொடுகை, அப்புறம் ஒரே இடத்தில் வைத்த தொடுகை. முதலில் ஊசி குத்துவதுபோல் சுருக் சுருக்கென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான், நரம்பு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உணர்ச்சி வந்திருக்கான்னு எப்படி அளக்கிறீங்க?

இரண்டு முனையுள்ள சின்னக் கருவியால், கண்ணை மூடச்சொல்லிவிட்டு, ஒரு முனையா இரண்டு முனையா என்று கேட்போம். முனைகளுக்கு இடையில் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே இரண்டு என்று தெரிந்தால் இயல்பு. 6 முதல் 10 வரை என்றால் சுமாரான உணர்ச்சி, அதற்கு மேலே போனால் நுண்ணிய வேலைக்குக் கஷ்டம். அடிபடாத கையையும் அளந்து ஒப்பிடுவோம். தடிமன் வாரியாக இருக்கிற நைலான் இழைகளால் தொட்டுப் பார்ப்பதும் உண்டு.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, ஒரு தட்டில் சாவி, நாணயம், பொத்தான், ஊக்கு எல்லாம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பெயர் சொல்லச் சொல்வது. எத்தனை சரி என்பதைவிட, எந்த விரலை நீட்டுகிறார் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

பயிற்சின்னு சொல்றீங்களே, வீட்டில் என்ன செய்யலாம்?

காயம் முழுதாக ஆறி, டாக்டர் சரி என்று சொன்னபிறகு ஆரம்பியுங்கள். இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, தொட்டாலே கூசுகிற, ஷாக் அடிக்கிற நுனியைப் பழக்குவது. முதலில் பஞ்சு, அப்புறம் வேட்டித் துணி, அப்புறம் துண்டு, அப்புறம் அரிசிக்குள் விரலை விட்டு அளைவது, அப்புறம் கேழ்வரகு, கடைசியில் காய்ந்த ஆற்றுமணல். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. கூசுகிறதே என்று பொத்திப் பொத்தி வைத்தால் கூச்சம் கூடத்தான் செய்யும்.

இரண்டாவது, மூளைக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது. பென்சிலின் ரப்பர் முனையால் நுனியை மெதுவாகக் கோடிழுங்கள், முதலில் பார்த்துக்கொண்டே, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எந்தத் திசையில் போகிறது என்று மனசுக்குள் சொல்லுங்கள், தப்பாக இருந்தால் கண் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அது பிடிபட்டபிறகு சமையலறைக்குப் போங்கள். துவரம்பருப்பு, உளுந்து, மிளகு, கடுகு நாலையும் கலந்து வைத்துக்கொண்டு அந்த விரலையும் கட்டைவிரலையும் மட்டும் வைத்துக் கண்ணை மூடிப் பிரித்தெடுங்கள். மிளகும் உளுந்தும் ஒரு வாரத்தில் பிடிபடுகிறவர்களுக்குக் கடுகு மாதக்கணக்கில் இழுக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் அருமையாக அமைந்தும் இந்தப் பகுதியைச் செய்யாததால் விரலைப் பயன்படுத்தாமலே இருக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதற்குக் காசே தேவையில்லை.

மார்கழி வந்தா விரல் நுனி விறைச்சு வலிக்குது, இது நார்மலா?

ரொம்பச் சாதாரணம். நுனி அடிபட்ட பலருக்கும், எந்த முறையில் வைத்தியம் செய்திருந்தாலும், குளிர் ஒத்துக்கொள்ளாது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு அதிகம் தெரியும். கையுறை, வெதுவெதுப்பான தண்ணீர். ஓரிரண்டு வருஷத்தில் பலருக்குக் குறைகிறது, சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடுகிறது. ஒரே ஒரு புள்ளியில் தொட்டால் மட்டும் தூக்கிப்போடுகிற மாதிரி ஷாக் அடித்தால் அது வேறு, அறுந்த நரம்பு முனை தழும்பில் முடிச்சாகியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

நகம் கிளி மூக்கு மாதிரி வளைஞ்சு வளருது.

நகத்துக்கு அடியில் தாங்குகிற எலும்போ சதையோ குறைந்தால் அப்படித்தான் வளையும். தொந்தரவில்லை என்றால் ஒட்ட வெட்டிக்கொண்டு விட்டுவிடலாம். துணியில் மாட்டி இழுக்கிறது, வலிக்கிறது என்றால் சரிசெய்ய வழி இருக்கிறது.

எப்போ நடவுக்குப் போகலாம்? தறியில் உட்காரலாம்?

தோல் முழுசாக மூடி, கசிவு நின்று, தழும்பு கொஞ்சம் உறுதியாகும்வரை சேற்றில் கை வைக்காதீர்கள். பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு, உள்ளே வியர்த்து ஊறி காயம் கெட்டுப்போகும். தறி, பூ, தையல் மாதிரி உலர்ந்த வேலைகளைச் சீக்கிரமே, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று ஆரம்பிக்கச் சொல்வேன், அதைவிட நல்ல பயிற்சி என்னிடம் இல்லை. அடுப்படியில் மட்டும் எச்சரிக்கை. சூடு தெரிகிறதா என்று அந்த விரலால் சோதிக்காதீர்கள், வேறு விரலால் தொட்டுப் பாருங்கள்.

நாதஸ்வரம் வாசிக்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். துளையை முழுதாக மூடுவதும் பாதி திறப்பதும் நுனிச் சதையின் உணர்ச்சியில்தான் நடக்கிறது, அதனால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாத்தியத்தைக் கொண்டுபோய் எந்த விரலின் எந்த இடம் துளையில் படுகிறது என்று டாக்டருக்குக் காட்டிவிடுங்கள். தழும்பு அந்த இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள முயற்சி செய்வார்.

மூணு வயசுக் குழந்தை, கதவிடுக்கில் மாட்டிக்கிச்சு.

குழந்தைகளின் நுனி ஆச்சரியப்படும்படி ஆறும். துண்டான நுனியை அப்படியே வைத்துத் தைத்தாலே பல நேரம் பிடித்துக்கொள்ளும். உணர்ச்சியும் பெரியவர்களைவிட நன்றாகத் திரும்பும். உடனே கூட்டிப்போங்கள், அவ்வளவுதான்.

அடிபட்டு நாலு வருஷம் ஆச்சு, நுனி மரத்தே கிடக்கு. இனிமே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். மரத்த தோலை எடுத்துவிட்டு உணர்ச்சியுள்ள ஃப்ளாப்பைப் பின்னாளிலும் வைக்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பாருங்கள். நரம்பு வந்து காத்திருந்தும் மூளை கவனிக்காமல் விட்ட விரல்களும் இருக்கின்றன.

எங்கே போறது? செலவு?

முதலில் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அதாவது தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ திருவாரூருக்கோ போய், பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் பார்க்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிக்கலான காயமென்றால் சென்னை ஸ்டான்லியிலும், புதுச்சேரி ஜிப்மரிலும், தனியாரில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையிலும் கை அறுவைச் சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் ஆபரேஷன் அதில் வருகிறதா என்பதை அட்மிஷன் போடும் முன்பே அங்கிருக்கிற காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

மில்லில் வேலை செய்யும்போது அடிபட்டது. முதலாளி ஆஸ்பத்திரி செலவு கொடுத்துட்டார். அதோட சரியா?

வைத்தியச் செலவு வேறு, இழப்பீடு வேறு. தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆட்காட்டி விரலில் ஒரு கணு போனால் 9 சதவீதம், எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5 சதவீதம் என்று உழைக்கும் திறன் இழப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். இப்போது உங்களுக்குப் பொருந்துகிற விதியை மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள், இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அந்த அலுவலகத்துக்குப் போங்கள். அடிபட்ட அன்றைய ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழ் வாங்கும்போது விரல் எவ்வளவு குட்டையானது என்பதோடு நிறுத்தாமல், நுனியில் உணர்ச்சி எத்தனை மில்லிமீட்டரில் தெரிகிறது என்பதையும் அளந்து எழுதித் தரச்சொல்லுங்கள்.